இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே: பூல் ஆட்டக்காரர்களின் பழக்கங்களும் சடங்குகளும்

1997 ஏப்ரல் 21 அன்று, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலுள்ள குரூசிபிள் அரங்கில், உலக ஸ்நூக்கர் போட்டியின் முதல் சுற்றில் ரானி ஓ'சல்லிவன் 147 புள்ளிகள் எடுத்தார். பதினைந்து சிவப்புப் பந்துகள், ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் ஒரு கறுப்பு, கடைசியில் ஆறு வண்ணப் பந்துகள் என மொத்தம் 36 ஷாட்டுகள். ஆன நேரம் 5 நிமிடம் 20 விநாடி என்று வெகுகாலம் பதிவில் இருந்தது. பிறகு ஒளிப்பதிவை மறுபடியும் அளந்து 5 நிமிடம் 8 விநாடி என்று திருத்தினார்கள்.

க்யூ எனப்படும் ஆட்டக்கோலின் தோல் நுனி பந்தைத் தொட்டிருப்பது ஒரு ஷாட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி. 36 ஷாட்டுகளையும் கூட்டினாலும் ஒரு முறை கண் இமைக்கும் நேரம் தேறாது. மீதி ஐந்து நிமிடமும் பந்துகள் உருண்டன. ஓ'சல்லிவன் நடந்தார், க்யூ நுனியில் சாக் பொடி தடவினார், குனிந்தார், குறி பார்த்தார். உலகின் மிக வேகமான ஆட்டக்காரருக்கும் ஆட்டத்தின் பெரும்பகுதி அடிக்காமல் இருப்பதிலேயே கழிகிறது.

அதே அரங்கில் 1983-இல், உலகப் போட்டி வரலாற்றின் முதல் 147-ஐ எடுத்தவர் கனடாவின் கிளிஃப் தோர்பர்ன். அதே 36 ஷாட்டுகளுக்கு அவருக்கு 15 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆனது. ஓ'சல்லிவனைப்போல மூன்று மடங்கு. இருவருடைய ஆட்டமும் குறையற்றதுதான். எனவே வேகத்தையோ நிதானத்தையோ வெற்றியின் காரணமாகச் சொல்ல முடியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது வேறொன்று: ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் அவர்கள் செய்தவை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்தன. அந்த வரிசை என்ன வேலை செய்கிறது, எப்போது அது பயனுள்ள பழக்கமாக இருக்கிறது, எப்போது வெறும் நம்பிக்கையாக மாறுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அசையாத பந்து

கிரிக்கெட் மட்டையாளருக்கு வேகப்பந்தை எதிர்கொள்ள அரை விநாடிதான் கிடைக்கிறது. டென்னிஸிலும் பாட்மின்டனிலும் நிலைமை அதேதான். பூலிலும் ஸ்நூக்கரிலும் பந்து அசையாமல் கிடக்கிறது. ஆட்டக்காரர் தயாராகும்வரை எதுவும் நடப்பதில்லை. வில்வித்தை, துப்பாக்கி சுடுதல், கோல்ஃப், கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோ ஆகியவற்றோடு இதையும் விளையாட்டு உளவியல் ஒரே வகையில் சேர்க்கிறது. இவை எல்லாவற்றிலும் வேகத்தைத் தீர்மானிப்பவர் ஆடுபவரே.

வெளியிலிருந்து பார்த்தால் இது பெரிய சலுகை. ஆடுபவருக்கோ இதுதான் தலைவலி. பந்து சுழன்று ஏமாற்றவில்லை, எதிராளி குறுக்கே வரவில்லை, காற்றும் இல்லை. தவறவிட்டால் பழிபோட ஆள் கிடையாது. யோசிக்க நேரம் இருப்பதால் வேண்டாத யோசனைக்கும் நேரம் இருக்கிறது. போன ஃபிரேமில், அதாவது முந்தைய ஆட்டத்தில், விட்ட பந்து, ஸ்கோர், பார்வையாளர், பரிசுத்தொகை என்று மனம் எங்கெங்கோ போய்வர அந்த எட்டுப் பத்து விநாடிகள் தாராளம்.

தேர்ந்த ஆட்டக்காரர் அந்த விநாடிகளை எப்படிச் செலவிடுகிறார்? வெள்ளைப் பந்து உருண்டு நிற்கும்வரை கண் அதைப் பின்தொடர்கிறது. அது நின்ற இடம் எதிர்பார்த்த இடமா என்று பார்த்துவிட்டு, மேஜையைச் சுற்றி நடக்கிறார். குறிவைக்கும் பந்துக்குப் பின்னால் நின்று குழிக்கான கோட்டைப் பார்க்கிறார். பிறகு அந்தப் பந்து விழுந்ததும் வெள்ளை எங்கே போய் நிற்கும், அங்கிருந்து அதற்கடுத்த பந்து வாகாகக் கிடைக்குமா என்று பார்க்கிறார். இதற்கிடையில் க்யூ நுனியில் சாக் ஏறிவிடுகிறது. சாக்கை வைத்துவிட்டு, ஷாட்டின் கோட்டுக்கு நேர் பின்னால் வந்து நின்று, கால் ஊன்றி, அந்தக் கோட்டிலேயே குனிகிறார். இடது கை மேஜையில் பாலம் போடுகிறது. க்யூ இரண்டு மூன்று முறை பந்துவரை போய்த் திரும்புகிறது. ஒரு சிறு நிறுத்தம். அடி. அடித்த பிறகும் தலை உடனே எழுவதில்லை.

இந்த நடை தோரணைக்காக நடப்பது என்று தோன்றலாம். டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்ற அறிதல் அறிவியலாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவுகிறது. டெட்ரிஸ் விளையாட்டில் கட்டையை எப்படித் திருப்பலாம் என்று மனதுக்குள் கணக்குப் போடுவதைவிட, தேர்ந்தவர்கள் திரையிலேயே திருப்பிப் பார்த்துவிடுகிறார்கள். அதுவே விரைவாக முடிகிறது. கணக்குப் போடும் பிள்ளை விரல் மடிப்பதைப்போல, உடம்பை அசைத்து மனத்தின் சுமையைக் குறைக்கும் செயல் இது. மேஜையைச் சுற்றிய நடையும் அதே ரகம். குழியின் பின்னால் போய் நின்றால், கற்பனை செய்ய வேண்டிய கோணம் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது.

சாக் கட்டியின் இரண்டு வேலைகள்

இடைவெளிப் பழக்கங்களில் மிகப் பழையதும் எல்லோரிடமும் காணப்படுவதும் சாக் தடவுவதுதான். அதன் பின்னால் அசலான இயற்பியல் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை க்யூவின் நுனி பெரும்பாலும் வெறும் மரம். நடுவை விட்டுச் சற்று விலக்கி அடித்தால் வழுக்கிவிடும். நுனியில் தோல் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தவர் என்று பில்லியர்ட்ஸ் வரலாறு குறிப்பிடுவது பிரெஞ்சு ராணுவ அதிகாரி பிரான்ஸ்வா மாங்கோவை. சிறையில் இருந்தபோது அவர் அதைக் கண்டுபிடித்தார் என்பது இந்த ஆட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தோல் வந்ததும் பந்தைச் சுழலவைக்கும் கலை பிறந்தது; கூடவே தோலுக்குப் பிடிப்பு ஏற்றும் பொடியும் தேவைப்பட்டது. இன்று நாம் காணும் சதுரக் கட்டிக்கு 1897-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்கள் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற தொழில்முறை ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும். பெயர்தான் சாக். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதும் சுண்ணாம்பு இதில் முக்கியச் சரக்கு கிடையாது. சிலிக்காவும் அலுமினியம் ஆக்ஸைடும் போன்ற நுண்ணிய உராய்வுத் துகள்கள்தான் வேலையைச் செய்கின்றன.

நன்றாகச் சாக் ஏறிய நுனியால் பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதித் தூரம்வரை விலகி அடிக்கலாம். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், எனவே அந்த எல்லை மையத்திலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் நுனி வழுக்கி மிஸ்க்யூ ஆகும். சாக் இல்லாத நுனிக்கு இந்த எல்லை வெகுவாகச் சுருங்கிவிடும். மிஸ்க்யூ ஒன்றே ஒரு ஃபிரேமை எதிராளியிடம் ஒப்படைக்கப் போதும் என்பதால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் சாக் தடவு என்று பயிற்சியாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நுனியிலிருந்து பந்தில் ஒட்டிய பொடி, இரண்டு பந்துகள் மோதும் புள்ளியில் சரியாக வந்து சிக்கினால் உராய்வு திடீரென்று கூடும். பந்து லேசாகத் துள்ளி, கோணம் மாறிப் போகும். ஸ்நூக்கரில் இதைக் ‘கிக்’ என்கிறார்கள். நடுவர் வெள்ளைக் கையுறையோடு பந்தை எடுத்துத் துடைப்பதில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

இயற்பியல் தேவை இவ்வளவே. ஆனால் தொலைக்காட்சியில் ஒரு போட்டியைக் கவனித்தால், நேர் ஷாட்டுக்கு, சுழலே வேண்டாத ஷாட்டுக்கு, சற்றுமுன் தடவியது இன்னும் நுனியில் இருக்கும்போதும் கை சாக்குக்குப் போவது தெரியும். எதிராளிக்கு வாய்ப்பு விடாமல் சேஃப்டி ஆடுவதா, குழிக்கு முயல்வதா என்று முடிவு தெரியாத நேரத்தில் சாக் தடவுவது நீள்கிறது. முடிவு வந்ததும் கட்டி பைக்குள் போகிறது அல்லது மேஜையின் ஓரத்தில் உட்காருகிறது. சாக்கின் இரண்டாவது வேலை இது. யோசிக்கும் கட்டம் நடக்கிறது என்பதற்கும், அது முடிந்துவிட்டது என்பதற்கும் அது அடையாளம். முதல் வேலை பந்துக்கானது, இரண்டாவது ஆட்டக்காரருக்கானது. அவசியமான ஒரு செயலின் மேல் இன்னொரு பயன் ஏறி உட்கார்ந்துகொண்டதால்தான், இத்தனை தலைமுறைகளாக யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

நின்று முடிவெடு, குனிந்து செய்

முடிவெடுக்கும் கட்டத்தையும் அடிக்கும் கட்டத்தையும் பிரிப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு?

1992-இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் கோல்ஃபில் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு குழுவினர் விதிமுறைகளைப் படித்துப் பந்து தட்டக் கற்றார்கள். இன்னொரு குழுவினர் கவனத்தை வேறொரு வேலையில் வைத்துக்கொண்டு, விதி எதுவும் சொல்லித்தரப்படாமல், கைப்பழக்கமாகவே கற்றார்கள். பணமும் மதிப்பீடும் சேர்ந்து அழுத்தம் கூடியபோது தடுமாறியவர்கள் முதல் குழுவினர். நெருக்கடியில் மனம் தனக்குத் தெரிந்த விதிகளைத் தேடி எடுத்து, தானாக ஓட வேண்டிய அசைவை ஒவ்வொரு துண்டாகச் சரிபார்க்கத் தொடங்கிவிடுகிறது. 2001-இல் சியான் பைலாக்கும் தாமஸ் காரும் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களால் பந்து தட்டுவது பற்றிப் பொதுவாக விரிவாகப் பேச முடிந்தது. ஆனால் சற்றுமுன் தட்டிய குறிப்பிட்ட ஒரு பந்தை எப்படித் தட்டினார்கள் என்று கேட்டால், புதியவர்களைவிடக் குறைவாகவே நினைவிருந்தது. நன்றாகப் பழகிய கை, மேற்பார்வை இல்லாமல் வேலை செய்கிறது.

மேற்பார்வை திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்நூக்கரிலேயே சான்று உண்டு. ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீஃபன் ஹென்ட்ரி, தன் தொழில்வாழ்க்கையின் பிற்பகுதியில் க்யூவை முன்னோக்கிச் சீராகச் செலுத்த முடியாத தடை தன்னைப் பிடித்திருந்தது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கோல்ஃபில் ‘யிப்ஸ்’ என்று சொல்லப்படும் அதே கோளாறு. பல்லாயிரம் முறை செய்த அசைவு, கவனித்துச் செய்ய முற்படும்போது மறுத்துவிடுகிறது.

பூலின் பயிற்சி மரபு இதை ஆய்வகங்களுக்கு முன்பே தன் வழியில் அறிந்திருந்தது. நின்றிருக்கும்போது எல்லாவற்றையும் முடிவு செய்; குனிந்த பிறகு யோசிக்காதே; குனிந்திருக்கும்போது சந்தேகம் வந்தால் எழுந்து, முதலிலிருந்து தொடங்கு. இதில் மூன்றாவது விதிதான் கடினம். குனிந்த பிறகு எழுவது தயக்கத்தைக் காட்டிக்கொடுப்பதுபோல இருக்கும். தேர்ந்தவர்களோ வெட்கப்படாமல் எழுகிறார்கள், மறுபடி சாக் தடவுகிறார்கள், மறுபடி குனிகிறார்கள். நுனியில் சாக் போதுமான அளவு இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். வரிசையை நடுவிலிருந்து தொடர முடியாது, தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கான தலைவாசல் சாக்.

கண் நிலைக்கும் நேரம்

குனிந்த பிறகு நடப்பதில் கண்ணின் பங்கு பெரிது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோன் விக்கர்ஸ், 1990-களில் கோல்ஃப், கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் பார்வையைக் கருவி கொண்டு பதிவுசெய்து ஒன்றைக் கவனித்தார். அசைவு தொடங்குவதற்குச் சற்றுமுன் தேர்ந்தவர்களின் பார்வை ஒரே இடத்தில், மற்றவர்களுடையதைவிட நீண்ட நேரம் நிலைக்கிறது. இந்தக் கடைசி நிலைப்பை அவர் ‘அமைதிக் கண்’ என்று அழைத்தார்.

2002-இல் மார்க் வில்லியம்ஸ், ராபர்ட் சிங்கர், ஷேன் ஃப்ரெலிக் மூவரும் இதைப் பில்லியர்ட்ஸ் மேஜையில் சோதித்தார்கள். திறமையானவர்களின் கடைசிப் பார்வை மற்றவர்களுடையதைவிட நீளமாக இருந்தது. வெற்றிபெற்ற ஷாட்டுகளில் தவறிய ஷாட்டுகளைவிட நீளமாக இருந்தது. ஷாட் கடினமாக ஆக ஆக இருவகையினருக்கும் நீண்டது. இரண்டாவது பரிசோதனையில் ஷாட்டுக்கான நேரத்தைக் குறைத்தபோது அந்த நிலைப்பு சுருங்கியது; திறமை வேறுபாடில்லாமல் எல்லோருடைய ஆட்டமும் கெட்டது.

இடைவெளிப் பழக்கங்களைப் புரிந்துகொள்ள இந்த ஆய்வு முக்கியமானது. க்யூவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதும், பின்னிழுத்து நிறுத்துவதும் கையைத் தயார்படுத்துவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். கண் நிலைப்பதற்கான அவகாசத்தையும் அவை வாங்கித்தருகின்றன. நின்றபடியே யோசனையை முடித்துவிட்டால், குனிந்தபின் கிடைக்கும் நேரம் முழுவதும் கண்ணுக்கு. முடிக்காமல் குனிந்தவரின் கண் குழிக்கும் பந்துக்கும் வெள்ளைக்கும் இடையே அலையும்.

ஓ'சல்லிவனின் வேகத்தையும் இங்கிருந்து விளக்கலாம். அவர் சுருக்கியது முடிவெடுக்கும் கட்டத்தை. அடுத்த இரண்டு மூன்று பந்துகளுக்கான முடிவு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவரைப் பார்த்து வேகமாக ஆட முயலும் இளைஞர்கள் பெரும்பாலும் சுருக்குவது குனிந்தபின் வரும் நேரத்தை. அங்கேதான் அவர்கள் கெடுகிறார்கள்.

பழக்கமா, நம்பிக்கையா?

இதுவரை சொன்னவை பயன் விளங்கும் பழக்கங்கள். பயன் விளங்காதவையும் ஏராளம்: ராசியான சட்டை, மேஜையை ஒரே பக்கமாகச் சுற்றுவது, சாக் கட்டியை நீலப்பக்கம் மேலாகவே வைப்பது.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, டிரோபிரியாண்ட் தீவுகளின் மீனவர்களைப் பற்றி எழுதியது இங்கே பொருந்தும். அமைதியான உள்கடலில், நிச்சயமாக மீன் கிடைக்கும் இடத்தில், மந்திரச் சடங்குகள் இல்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் கூடிய திறந்த கடலுக்குப் போகும்போது விரிவான சடங்குகள் இருந்தன. பேஸ்பால் ஆடி, பிறகு மானிடவியலாளரான ஜார்ஜ் கிமெல்ச் இதே கருத்தைத் தன் ஆட்டத்தில் பொருத்திப் பார்த்தார். பந்து எறிவதிலும் மட்டை பிடிப்பதிலும் சடங்குகள் மலிந்திருந்தன. பெரும்பாலும் தவறாத பந்து பிடிப்பதில் அவை அரிது.

இந்த வாதத்தைப் பூலுக்கு நீட்டினால், நம்பிக்கைகள் எங்கே குவியும் என்று ஊகிக்கலாம். நைன்-பாலில் பந்துகளை உடைக்கும் முதல் அடியில் திறமை உண்டு என்றாலும், ஒன்பது பந்துகளும் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிராளி ஆடும்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதன்மேலும் கட்டுப்பாடு இல்லை. இந்த இரண்டும்தான் பூலின் திறந்த கடல். கைக்கெட்டிய எளிய பந்துக்கு யாரும் ராசி பார்ப்பதில்லை.

நம்பிக்கைகள் பலன் தருமா? 2010-இல் ஜெர்மனியில் லிசான் டாமிஷும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், ‘இது ராசியான பந்து’ என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் கோல்ஃப் பந்தைக் கூடுதலாகக் குழிக்குள் தட்டினார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடின. 2014-இல் அமெரிக்காவில் அதிகம் பேரைக் கொண்டு அதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. ராசியான பந்தை நம்பி வாதம் கட்ட முடியாது.

சடங்கு பதற்றத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சற்று வலுவான சான்று இருக்கிறது. ஆலிசன் வுட் புரூக்ஸ் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன் பாடுவது போன்ற பதற்றமான வேலைக்கு முன் சில அசைவுகளைச் செய்யச் சொன்னார்கள். அவற்றைச் ‘சடங்கு’ என்று அழைத்தபோது பதற்றம் குறைந்தது. ‘ஏதோ சில அசைவுகள்’ என்று அழைத்தபோது அந்தப் பலன் இல்லை. செய்பவர் அதற்குக் கொடுக்கும் பொருளே வேலை செய்கிறது.

கூடைப்பந்திலிருந்து வரும் இன்னொரு முடிவு நம் கேள்விக்கு நேராக வருகிறது. கிறிஸ் லான்ஸ்டேலும் உடன் ஆய்வாளரும் என்பிஏ ஆட்டக்காரர்களின் ஃப்ரீ த்ரோக்களை ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். ஒவ்வொருவரும் வழக்கமாகப் பின்பற்றும் செயல்வரிசையை அப்படியே செய்தபோது சுமார் 84 விழுக்காடு வெற்றி. வரிசை மாறியபோது சுமார் 71 விழுக்காடு. ஆனால் அந்த வரிசைக்கு எடுத்துக்கொண்ட நேரம் கூடக் குறைய இருந்ததற்கும் வெற்றிக்கும் அப்படித் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. தோர்பர்னும் ஓ'சல்லிவனும் ஒரே ஆட்டத்தை வெவ்வேறு வேகத்தில் ஆட முடிந்ததோடு இது ஒத்துப்போகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வரிசை குலைந்ததால் பந்து தவறியதா, மனம் ஏற்கெனவே குலைந்திருந்ததால் வரிசையும் பந்தும் சேர்ந்து தவறினவா என்பதை இத்தகைய கவனிப்பு ஆய்வு பிரித்துக் காட்டாது.

நாற்காலி

பூலின் இடைவெளி இரண்டு வகை. ஒன்று, தன் இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில் வரும் சில விநாடிகள். மற்றது, எதிராளி மேஜையில் இருக்கும் நேரம்; அது ஒரு நிமிடமாகவும் இருக்கலாம், பல ஃபிரேம்களாகவும் நீளலாம். கோல்ஃபில் எதிராளி எப்படி ஆடினாலும் உன் பந்து உனக்கு இருக்கிறது. இங்கே எதிராளி தவறவிடாதவரை உனக்கு ஆட்டமே இல்லை.

ஸ்நூக்கர் விதிகள் அப்போது செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்கின்றன: ஆடுபவரின் பார்வைக்கோட்டில் நிற்கவோ அசையவோ கூடாது, மேஜையிலிருந்து நியாயமான தூரத்தில் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு ஆட்டம் பிறந்த இடத்துக்குப் பொருத்தமானது. 1875-இல் ஜபல்பூரின் ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிய ஸ்நூக்கர், 1880-களில் உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில் விதிகள் பெற்றது. சேம்பர்லினே 1938-இல் ‘தி ஃபீல்ட்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வரலாற்றைப் பதிவுசெய்தார். நல்ல ஷாட்டுக்கு எதிராளி மேஜையை லேசாகத் தட்டுவதும், தற்செயலாகப் பந்து விழுந்தால் கை உயர்த்தி மன்னிப்புக் கேட்பதும் இந்த மரபின் மரியாதைகள்.

அமெரிக்கப் பூல் வளர்ந்த கூடங்களில் பந்தயப் பணம் புழங்கியது. பேச்சும் ஓர் ஆயுதம். எதிராளி குனியும்போது இருமுவது, பனிக்கட்டியைக் குலுக்குவது, ‘இன்றைக்கு உன் கை புதிதாக இருக்கிறதே’ என்று பாராட்டுவதுபோல அவன் கவனத்தைக் கையின் மேல் திருப்புவது எல்லாம் அங்கே நடக்கும். கடைசித் தந்திரம்தான் மிகக் கொடியது. மாஸ்டர்ஸ் ஆய்வகத்தில் கண்டதை அது ஒரே வாக்கியத்தில் செய்துவிடுகிறது. சமூகவியலாளர் நெட் போல்ஸ்கி 1967-இல் வெளியிட்ட நூலில், பூல் கூடங்களின் பந்தயக்காரர்கள் தங்கள் உண்மையான திறமையை எப்படி மறைக்கிறார்கள் என்று விரிவாக எழுதினார். பந்தைத் தவறவிட்டு நடிப்பது அதில் எளிய பகுதி. சீரான நடையும் ஒழுங்கான குனிதலும் கண்ணில் பட்டால் அனுபவசாலிக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். எனவே இடைவெளியையும் சேர்த்தே நடிக்க வேண்டியிருக்கும்.

பார்ப்பவர்களும் இந்த இடைவெளிக்குள் நுழைகிறார்கள். 1982-இல் ஜேம்ஸ் மைக்கேல்ஸ் குழுவினர் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகப் பூல் கூடத்தில் ஆடுபவர்களை முதலில் ஒதுங்கி நின்று கவனித்தார்கள். பிறகு நான்கு பேர் மேஜை அருகே வந்து நின்று பார்த்தார்கள். நன்றாக ஆடுபவர்களின் வெற்றி 71 விழுக்காட்டிலிருந்து 80-க்கு ஏறியது. சுமாராக ஆடுபவர்களுடையது 36-லிருந்து 25-க்கு இறங்கியது. கைக்கு நன்றாகப் பழகியதைக் கூட்டம் கூர்மையாக்குகிறது, பழகாததைக் குலைக்கிறது.

கூட்டத்தை விலக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. அமெரிக்காவின் ஷேன் வான் போனிங் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். ஆடும்போது கேட்புக் கருவியை அணைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ‘தி ஹஸ்ட்லர்’ படத்தில் மினசோட்டா ஃபேட்ஸ் என்ற பூல் ஆட்டக்காரர், நீண்ட ஆட்டத்தின் நடுவில் போய் முகம் கழுவி, கையில் பவுடர் பூசி, புது ஆளாகத் திரும்பி வருகிறார். களைத்துக் குடித்துக் கிடந்த எதிராளி அந்தக் கணத்திலேயே பாதி தோற்கிறான். மருந்தின் வழியும் இருந்தது. கனடாவின் பில் வெர்பெனியுக் கை நடுக்கத்தை அடக்கப் பியரும், பின்னர் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தும் எடுத்துக்கொண்டார். இன்று அந்த மருந்து வகை பில்லியர்ட்ஸின் எல்லாப் பிரிவுகளிலும் போட்டி நேரத்தில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மாத்திரையால் கிடைப்பதை மூச்சாலும் பழக்கத்தாலும் மட்டுமே பெறலாம் என்பதே இன்றைய விதி.

மெதுவாக ஆடும் உரிமை

2005 உலகப் போட்டியின் காலிறுதியில் ஓ'சல்லிவன் 8-2, பிறகு 10-6 என்று பீட்டர் எப்டனைவிட முன்னிலையில் இருந்தார். எப்டன் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி ஆடினார். வெறும் 12 புள்ளிகள் எடுக்க அவருக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆனது. அதே அரங்கில் ஓ'சல்லிவன் 147 எடுத்த நேரம் அது. நாற்காலியில் நெளிந்த ஓ'சல்லிவன் ஒரு கட்டத்தில் பார்வையாளர் ஒருவரிடம் மணி என்ன என்று கேட்டார். எப்டன் 13-11 என்று வென்றார்.

இது நேர்மையா என்ற சர்ச்சை வெகுநாள் ஓடியது. தன் வரிசைக்குத் தேவையான நேரத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு; எதிராளியின் வரிசையைக் குலைக்க நேரத்தை இழுக்கும் உரிமை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்நூக்கர் விதி இதை நடுவரின் கணிப்புக்கு விட்டிருக்கிறது: அளவுக்கு மீறிய நேரம் எடுத்தால் எச்சரிக்கை, தொடர்ந்தால் ஃபிரேமையே பறிக்கலாம்.

கடிகாரம் இன்னொரு தீர்வு. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மாஸ்கோனி கோப்பையில் ஒரு ஷாட்டுக்கு 30 விநாடி. ஸ்நூக்கர் ஷூட் அவுட்டில் ஃபிரேமே பத்து நிமிடம்தான். முதல் ஐந்து நிமிடம் ஷாட்டுக்கு 15 விநாடி, பிறகு 10 விநாடி. முப்பது விநாடி என்பது நடை, சாக், குனிதல், கண் நிலைத்தல் எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. இழுத்தடிப்பதை மட்டும் வெட்டுகிறது. பத்து விநாடி அந்த வரிசையையே வெட்டுகிறது. அந்த ஆட்டத்தில் நல்லவர்களும் எளிய பந்தைத் தவறவிடுவதில் வியப்பில்லை. வில்லியம்ஸ் குழுவினரின் இரண்டாவது பரிசோதனை தொலைக்காட்சியில் நேரலையாக நடக்கிறது.

தடுத்துப் பார்த்தால்

பயிற்சியாளர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: பெரிய ஆட்டக்காரரின் அசைவுகளை மாணவருக்கு அப்படியே பாடமாக்குவது. மூன்று முறை க்யூவை ஆட்டு, ஒரு முறை நிறுத்து, இப்படிச் சாக் பிடி. மேலே பார்த்த சான்றுகள் இதற்குத் துணை நிற்பதில்லை. அசைவின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அது செய்யும் வேலை மாறுவதில்லை. மேஜையின் நிலையைக் கண்ணுக்குக் காட்டுவது, முடிவை மூடி முத்திரை வைப்பது, கண் நிலைக்க நேரம் ஒதுக்குவது, பதற்றத்தைத் தணிப்பது ஆகிய நான்கில் ஒன்றையாவது செய்யாத பழக்கம் வெறும் அலங்காரம்.

அலங்காரத்தால் தீங்கில்லை என்று விட்டுவிடவும் முடியாது. ஒரு பழக்கத்தின் தன்மையை அறிய எளிய வழி, பயிற்சியில் அதைத் தடுத்துப் பார்ப்பது. சாக்கை எடுத்துவிட்டு நேர் ஷாட்டுகளை ஆடச் சொல்லலாம். சுழல் தேவைப்படாத அந்த ஷாட்டுகளில் இழப்பு மிகச் சிறியதாக இருந்தால், அவருடைய முடிவெடுக்கும் முறை சாக்கைச் சாராமல் நிற்கிறது. தடுமாறினால், அவர் முடிவு எடுக்கும் பொறுப்பைக் கட்டியிடம் ஒப்படைத்திருக்கிறார். அவருக்குத் தேவை புதிய அசைவு எதுவும் இல்லை, நின்றபடியே முடிவை முழுமையாக்கும் பயிற்சி. ராசியான சட்டைக்கும் இதே சோதனை போதும். அதைத் துவைக்கப் போட்ட நாளில் ஆட்டம் கெடுகிறது என்றால், அந்தச் சட்டையைப் பயிற்சிக்கு அணியாமல் விடுவதுதான் சிகிச்சை.

நல்ல இடைவெளிப் பழக்கம் ஆட்டக்காரருக்கு வேலை செய்கிறது. அவரை வேலை வாங்குவதில்லை. இந்த வேறுபாட்டை ஆட்டக்காரர் தன்னிடம் சோதித்துப் பார்க்காவிட்டால், போட்டியின் கடைசி ஃபிரேமில் எதிராளி சோதித்துவிடுவார்.